வெந்நீர்க் குழாயும் ஒரு சாவியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



டர்பைன் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது குளியலறைக் குழாயைப் பற்றி.

கலிபோர்னியாவில் நர்ஸாக இருந்த என் பெரியம்மா மகள், 2023-ல் ஆறே பேர் தங்கும் முதியோர் இல்லம் ஒன்று தொடங்கினார். சாதாரண வீடுதான். ஆனால் மாநில சமூக சேவைத் துறையின் லைசென்ஸ் வரும்வரை ஒருவரையும் சேர்க்க முடியாது. வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். "தம்பி, நீ இன்ஜினியர்தானே? இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னால ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்றார்.

அங்கே இதற்கு வேதம் 'டைட்டில் 22' என்ற விதித்தொகுப்பு. கெட்டுப்போகும் உணவு 2 நாளுக்கு, கெடாதது 7 நாளுக்கு இருப்பு வேண்டும். மருந்து பூட்டில் இருக்க வேண்டும். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு. இதெல்லாம் அக்கா முடித்துவிட்டார். எனக்கு மிஞ்சியது வெந்நீர். குழாயில் 105-லிருந்து 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் வர வேண்டும். 140 டிகிரி என்றால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். மறதி நோய் உள்ளவர் கையை இழுத்துக்கொள்ளக்கூடத் தாமதிப்பார்.

காலையில் ஹீட்டர் டயலைத் திருப்பி அளந்தேன்: 116. "முடிஞ்சுது அக்கா" என்று காபி குடித்தேன். மாலையில் பாத்திரம் கழுவிய பிறகு சும்மா அளந்தால், 125! குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும்போதெல்லாம் பர்னர் மறுபடி எரிகிறது. அதிகச் சூடான நீர் டாங்கின் மேல்பக்கம் சேர்ந்துவிடுகிறது. ஒரே ஒரு ரீடிங் எடுத்து ரெக்கார்டை மூடியிருக்கிறேன். (நம்ம லேபில் இதற்கு என்ன கிடைத்திருக்கும் என்று முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும்!) டயலைக் குறைத்தாலோ கடைசி அறைக்கு 102 தான் போய்ச் சேர்ந்தது. முடிவில் பிளம்பரை வைத்து, தண்ணீரைத் தானே அளவாகக் கலக்கும் வால்வைப் பொருத்தி, குழாய்க்கு உறையும் சுற்றினோம். மூன்று நாள், எல்லாக் குழாயிலும், காலை மதியம் இரவு அளந்து எழுதினேன்.

அதிகாரி வந்தார். தன் தெர்மாமீட்டரை வைத்தார்: 114. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்து மருந்து அலமாரி. பூட்டியிருந்தது. சாவி? பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. தேட வேண்டாமே என்று மாட்டி வைத்தவன் அடியேன்தான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, அக்காவும் சிரிக்கவில்லை.

அன்றே சாவி அக்காவின் இடுப்புக்குப் போனது. திருத்தியதை எழுதிக் கொடுத்த பிறகே லைசென்ஸ் வந்தது. முதலில் சேர்ந்தவர் 80 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. இன்றும் அக்கா போன் செய்தால் முதலில் வெந்நீர் எத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டுத்தான், "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார்.