மம்பட்டிப் பிடியும் கொழுந்துப் பிடியும்

(தோட்ட வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த இளைஞர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நலன்புரி ஐயா வந்தால் சேமிப்பு, சத்துணவு, குடிதண்ணீர் என்றுதான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது கோல்ப் விளையாட்டைப் பற்றி. சிரிக்காதீங்க. காரணம் இருக்கிறது.

போன மாதம் நம்ம லயத்து வாசலில் ஒரு பையன், பாதி உடைந்த கோல்ப் கோலை எங்கேயோ பொறுக்கிக்கொண்டு வந்து வீசிப் பழகியிருக்கிறான். பின்னால் தங்கச்சி நின்றதை அவன் பார்க்கவில்லை. பிள்ளைக்கு நெற்றியில் ஆறு தையல். கண்ணுக்கு ஒரு விரல் அகலம் மேலே பட்டதால் தப்பியது. தகப்பன் அந்தக் கோலை அடுப்புக்குள் சொருகிவிட்டார். அவருடைய கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு கோலை எரித்தால் ஆசை எரியுமா? நம்ம பையன்கள் பலர் லீவு நாட்களில் நுவரெலியாவுக்குப் போய் பை தூக்குகிறார்கள். பந்து எழும்பிப் போகிற அழகைப் பார்த்தவனுக்கு வீசத்தான் மனம் வரும். ஆகவே வீசுவதென்றால் ஒழுங்காக வீசக் கற்றுக்கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. கொழும்பில் 1879 இலும் நுவரெலியாவில் 1889 இலும் கோல்ப் கழகங்கள் தொடங்கின. துரைமார் ஆடினார்கள், நம்ம ஆட்கள் பை தூக்கினார்கள். நானும் சின்ன வயதில் தூக்கியவன்தான். ஒருநாள் சாயந்திரம் ஆட்கள் போன பிறகு ஒரு கோலை எடுத்து, மலையில் அப்பா மம்பட்டி பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓங்கி அடித்தேன். பந்து வலப்பக்கமாக வளைந்து கானுக்குள் போய் விழுந்தது. மணிக்கட்டு ஒரு கிழமை வலித்தது. பை தூக்கியே தலை நரைத்த ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று பயந்தேன். அவர் கிட்ட வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, "தம்பி, இது மண் வெட்டுற சாமான் இல்ல" என்றார். அன்றைக்கு அவர் காட்டியதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.

நம்ம கைக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று மம்பட்டி, முள்ளு பிடிக்கிற பழக்கம். அது உள்ளங்கைப் பிடி. மற்றது கொழுந்து எடுக்கிற பழக்கம். அது விரல் பிடி. கோல்ப் கோலுக்கு வேண்டியது இரண்டாவது. உள்ளங்கையில் இறுக்கினால் மணிக்கட்டு மடங்காது. மணிக்கட்டு மடங்காவிட்டால் கோலின் தலைக்கு வேகம் வராது. வேகம் இல்லை என்று தோள் பலத்தால் அடிப்போம். அப்போது எல்லாமே கெட்டுப்போகும்.

வலக்கைக்காரர் இடக்கையை முதலில் வைக்க வேண்டும். கோல் விரல்களின் அடியில் சாய்வாகப் படுக்கட்டும், உள்ளங்கைக் குழியில் அல்ல. பெருவிரல் கோலின் நேர் நடுவில் இல்லாமல் கொஞ்சம் வலப்பக்கமாக இருக்கட்டும். குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளையும். நாலும் தெரிந்தால் இடப்பக்கம் இழுக்கும். பிறகு வலக்கை. அதையும் விரல்களால் பிடித்து, இடப் பெருவிரலை வலது உள்ளங்கையால் மூடுங்கள். இரண்டு கையிலும் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுகள் நாடிக்கும் வலது தோளுக்கும் இடையே காட்ட வேண்டும்.

வலது சுண்டு விரலை என்ன செய்வது? இடது சுட்டு விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் உள்ள பள்ளத்தின் மேல் ஏற்றி வைக்கலாம். இதற்கு வார்டன் பிடி என்று பெயர். ஹரி வார்டன் 1870 இல் ஜேர்சி தீவில் பிறந்தவர். தகப்பன் தோட்டவேலைக்காரர். இவரும் சிறு வயதில் பை தூக்கியவர். பிரிட்டிஷ் ஓபன் போட்டியை ஆறு தரம் வென்றார். இந்தப் பிடியை அவருக்கு முன்பே ஜோனி லெய்ட்லே என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பிடித்திருக்கிறார். பரப்பியவர் பெயர்தான் நிலைத்தது, உலக வழக்கம் அப்பிடி. கை சின்னதாக உள்ளவர்கள் அந்தச் சுண்டு விரலையும் இடது சுட்டு விரலையும் கோர்த்துப் பிடிக்கலாம். ஜாக் நிக்லஸ், டைகர் வூட்ஸ் பிடித்தது அப்படித்தான். சின்னப் பிள்ளைகள் பத்து விரலையும் கோலில் வைத்தாலும் குற்றமில்லை.

எவ்வளவு இறுக்கம்? கொழுந்தைக் கசக்காமல் கையில் சேர்க்கிற அக்காமாரைக் கேளுங்க. கொழுந்து கீழே விழவும் கூடாது, கசங்கவும் கூடாது. அவ்வளவுதான். இதனால்தான் எனக்குத் தெரிந்த மட்டில் பொம்பளப் பிள்ளைகள் பிடியைச் சீக்கிரம் படிக்கிறார்கள். போன கூட்டம் முடிந்து போகும்போது ஒரு தங்கச்சி, "ஐயா, எங்களுக்கும் காட்டுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டது. கட்டாயம் காட்டுவேன்.

வீச்சுக்கு வருவோம். நல்ல கவ்வாத்துக்காரர் கத்தி வீசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கிளை ஒரே வீச்சில் போகும், ஆள் களைக்க மாட்டார். புதுசாகப் பழகுகிறவன் முழுப் பலத்தோடு வெட்டுவான், கிளை பிளந்து நிற்கும். கோல்பிலும் அதே கதைதான். கால்களைத் தோளகலம் வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பிலிருந்து குனியுங்கள். கோலை அவசரமில்லாமல் பின்னால் எடுங்கள். இடது தோள் நாடிக்குக் கீழே வரும்வரை உடம்பு திரும்ப வேண்டும். கீழே இறங்கும்போது கை முந்தக்கூடாது. பாரம் முதலில் இடக்காலுக்கு மாறட்டும், இடுப்பு திரும்பட்டும், கை தன்னாலே வரும். பந்தில் பட்டதும் நிறுத்தாதீர்கள். முடிவில் வயிறு பந்து போன திசையைப் பார்க்க வேண்டும், வலது குதிகால் எழும்பி நிற்க வேண்டும். அந்த நிலையில் மூன்று எண்ணும்வரை ஆடாமல் நிற்க முடிந்தால் வீச்சு சரி. விழப்பார்த்தால் பலத்தைக் குறையுங்கள்.

இதைப் படித்து என்ன பயன் என்று சில தகப்பன்மார் கேட்பீர்கள். டெல்லியில் பை தூக்கிக்கொண்டிருந்த அலி ஷேர் 1991 இலும் 1993 இலும் இந்தியன் ஓபன் வென்றார். நம்ம நாட்டு நடராஜா தங்கராஜா இந்தியாவின் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியிருக்கிறார். எல்லாரும் அப்படி வருவார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிடி தெரிந்தவன் பை தூக்கும்போது ஆடுபவருக்கு யோசனை சொல்லக்கூடியவனாகிறான். அப்படிப்பட்டவனைத்தான் அடுத்த முறையும் தேடுவார்கள். அதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக நான் சம்மதிக்கவே மாட்டேன். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். என்னிடம் வந்து வயதைக் கூட்டிச் சொல்லிக் கடிதம் கேட்காதீங்க.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு விளையாட்டு மைதானத்தில் பழகுவோம். கோல் தேவையில்லை. இரண்டரை அடி நீளத்தில், கைக்கு அடங்கும் பருமனில் ஒரு கொய்யாக் கம்பு கொண்டு வாங்க. முதல் இரண்டு கிழமையும் பிடி மட்டும்தான், பந்து கிடையாது. ஒருவர் வீசும்போது மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். லயத்து வாசலிலும் பெரட்டுக்களத்திலும் யாரும் கம்பு வீசக்கூடாது. தங்கச்சிக்குக் காயம்பட்ட அந்தப் பையனையும் வரச்சொல்லியிருக்கிறேன். கயிறு கட்டுகிற பொறுப்பு அவனுக்கு.