11 எழுத்தும் ஒரு பூஜ்யமும்



"துறைமுகத்துல கம்ப்யூட்டர்காரனுக்கு என்னப்பா வேலை?" என்று வாசலில் சீனியர் அண்ணன் ஒருவர் கேட்டார். அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் 11 எழுத்தில் ஓர் எண்: 4 ஆங்கில எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் பத்தையும் வைத்துக் கணக்கிட்டுத்தான் அந்தக் கடைசி இலக்கம் வரும். ஐ.எஸ்.ஓ. 6346 விதி அது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கேட் பட்டியலில் ஓர் எண்ணின் ஐந்தாம் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' விழுந்திருந்தது. பைத்தானில் ஒரு 'ரீப்ளேஸ்' போட்டேன். "சரி பண்ணிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திருவொற்றியூருக்கு வீடு வந்து தூங்கிவிட்டேன். திரும்ப ஒருமுறை பார்க்கவில்லை. காலையில் போனால் அந்த லாரி கேட்டிலேயே நிற்கிறது. "ஒரு நடை போச்சுப்பா" என்றார் டிரைவர் அண்ணன். திட்டக்கூட இல்லை, அதுதான் உறுத்தியது.

நடந்தது இதுதான். நாமெல்லாம் சி மொழியில் அரே வைத்து, நினைத்த இடத்தில் எழுத்தை மாற்றிப் பழகியவர்கள். பைத்தானிலும் ஜாவாவிலும் ஸ்ட்ரிங் ஒருமுறை உருவானால் மாறாது. 'ரீப்ளேஸ்' புது ஸ்ட்ரிங் ஒன்றைச் செய்து கையில் கொடுக்கும். பழசு பழசாகவே இருக்கும். கொடுத்ததை நான் வாங்கி எங்கும் வைக்கவில்லை! வைத்திருந்தாலும் ஆபத்துதான், முதல் நான்கில் 'ஓ' இருந்தால் அதுவும் பூஜ்யமாகியிருக்கும். முதல் நான்கை வெட்டியெடுத்து, பூஜ்யத்தை ஒட்டி, ஆறாவதிலிருந்து மீதியைச் சேர்த்து, பழைய பெயரிலேயே வைக்க வேண்டும். நிறைய இடத்தில் மாற்றம் என்றால் லிஸ்ட்டாக்கி மாற்றிவிட்டு 'ஜாயின்' செய்யலாம்.

இப்படி ஏன் வைத்தார்கள் என்று கோபம் வரும். ஒரே ஸ்ட்ரிங்கை கேட் பட்டியலும் பில்லும் பகிர்ந்துகொண்டால், இங்கே கை வைத்ததில் அங்கே மாறிவிடாது. அந்த நிம்மதிக்காகத்தான்.

தம்பிகளுக்கு ஒன்று. இதே வெட்டி ஒட்டும் வேலையைத் தமிழில் செய்யும்போது ஜாக்கிரதை. திருவொற்றியூர் நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் 14 இடம். யாரோ 'திருவெற்றியூர்' என்று அடித்துவிட்டார், மூன்றாம் எழுத்துதானே என்று மூன்றாம் இடத்தில் கை வைத்தால், அங்கே இருப்பது 'ரு'வில் உள்ள 'ர'. 'வெ'யின் கொம்பு ஆறாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. லேபில் போட்டுப் பாருங்கள்.