கல்லூரிக் கணிதமும் நம் மாணவரும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அண்ணல் அம்பேத்கர் 1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தோன்றிற்று. உயர்கல்வியின் கதவு ஒடுக்கப்பட்டோர்க்கும் திறக்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். இன்று நம் காரைக்காலில் அரசுக் கல்லூரிகள் உள்ளன. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமே உள்ளது. ஆயினும், உள்ளே சென்ற நம் பிள்ளைகளுள் சிலர் கணிதத் தாளில் தவறி, ‘எங்களுக்குக் கணக்கு வராது’ என்று சொல்லித் திரும்பி வருகின்றனர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

குறை எங்கே உள்ளது? பள்ளியில் மாதிரிக் கணக்கைப் பார்த்து எண்களை மாற்றிப் போட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. கல்லூரியிலோ ‘நிறுவுக’ என்ற ஒரு சொல்லோடு வினா நிற்கிறது, மாதிரி இல்லை. இதில் ஆசிரியர்களாகிய எங்கள் பிழையும் உண்டு. முடிந்த விடையையே கரும்பலகையில் அழகாக எழுதினோம். அதற்குமுன் நாங்கள் தடுமாறிக் கிழித்தெறிந்த தாள்களை மாணவர்க்குக் காட்டினோமில்லை. எனவே, தடுமாறுவதே அறிவின்மை என்று அவர்கள் எண்ணிவிட்டனர்.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், தாளுக்கு வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். வழி அழிந்துபோனமையால், அம்முடிவுகளுக்கு நிறுவல் காணப் பின்வந்த அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்தது. மேதைக்கே இது பொருந்துமாயின், வழியைக் காட்டாது விடையை மட்டும் காட்டினால் நம் பிள்ளைகள் என் செய்வர்?

அம்பேத்கர் கழகம் கண்ட அதே 1945இல், அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த ஜார்ஜ் போலியா என்னும் கணிதப் பேராசிரியர், கணக்கைத் தீர்க்கும் வழி குறித்து ஒரு நூல் வெளியிட்டார். வினாவைப் புரிந்துகொள், திட்டமிடு, செய்து முடி, திரும்பிப் பார் என நான்கு படிகளை அவர் வகுத்தார்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். ஒரு முழு எண்ணின் முப்படியிலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால், வருவது எப்போதும் 6ஆல் வகுபடும் என நிறுவ வேண்டும். முதலில் சிறிய எண்களை இட்டுப் பார்ப்போம். 2க்கு 6, 3க்கு 24, 4க்கு 60 வருகின்றன. கூற்று உண்மை போலத் தோன்றுகிறது. ஆனால் இது நிறுவல் ஆகாது. அடுத்து, அவற்றைப் பிரித்துப் பார்ப்போம். 24 என்பது 2, 3, 4 ஆகியவற்றின் பெருக்கல். 60 என்பது 3, 4, 5 ஆகியவற்றின் பெருக்கல். காரணிப்படுத்தினால், எந்த எண்ணுக்கும் இவ்வாறே அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல் வருவதைக் காண்கிறோம். அம்மூன்றில் ஒன்றேனும் இரட்டை எண். ஒன்று 3இன் மடங்கு. ஆகவே பெருக்கற்பலன் 6ஆல் வகுபடும். கணக்கு முடிந்தது.

இதில் எந்த மாயமும் இல்லை. சிறியதை இட்டுப் பார்த்தல், பிரித்துப் பார்த்தல் என்னும் இப்பழக்கங்களைக் கல்லூரி கண்ட குடும்பத்துப் பிள்ளைகளுள் பலர் வீட்டிலேயே கேட்டு வளர்கின்றனர். நம் பிள்ளைகட்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவே வேறுபாடு.

ஆதலின் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் ஒரு மாலை நம் சங்கக் கட்டடத்தில் கல்லூரி மாணவர்கள் கூடுக. ஒருவர் பலகையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கிடட்டும். தவறினால் அழிக்காமல் அருகிலேயே மீண்டும் முயலட்டும். மற்றையோர் விடை கூறாது, ‘கேட்டது என்ன? கொடுத்தது என்ன? இதுபோல் முன்பு கண்டதுண்டா?’ என்று மட்டும் வினவுக. ஆசிரியர்களாகிய நாங்களும் வந்து உங்கள் முன்னிலையில் தடுமாறுவோம்.

தம்பிகளே, தங்கைகளே! முதற் கூட்டத்திற்கு இதோ ஒரு வினா: அடுத்தடுத்த நான்கு எண்களின் பெருக்கல் எப்போதும் 24ஆல் வகுபடுமா? விடையோடு மட்டும் வாராதீர்; கிறுக்கிய தாள்களோடு வாருங்கள்.