கணினிச் சட்டகமும் எம் வாலிபரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணினிச் செயலி செய்யும் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இப்பொருளை எடுத்தால் சபையிலே பாதிப்பேர் கொட்டாவி விடுவரோ என்ற அச்சம் எனக்கு இல்லாமலில்லை. ஆயினும் இது வெறும் இயந்திரத்தைப் பற்றிய பேச்சன்று. நம் பிள்ளைகள் ஒரு தொழிலை எவ்வாறு கற்க வேண்டும் என்பதைப் பற்றிய பேச்சு. அதற்கு என் பிழையையே முதற் சாட்சியாக வைக்கிறேன்.

2011ஆம் ஆண்டிலே, டொட்நெற் என்னும் சட்டகத்தைக் கொண்டு மேசைக்கணினிச் செயலிகள் செய்யப் பழகிக்கொண்டிருந்தேன். பழகினேன் என்பதிலும், காணொளியிற் கண்டதை வரிக்கு வரி பார்த்தெழுதினேன் என்பதே உண்மை. நம் கரையோரத்து மீனவர் சங்கமொன்றின் அங்கத்தவர் பேரேட்டை அவ்வாறே செயலியாக்கிக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் பட்டியல் வந்தது. யாவரும் மெச்சினர், நானும் மகிழ்ந்தேன்.

சில மாதங்களின் பின் அவர்கள் புதிய கணினி ஒன்றை வாங்கினர். அதிலே பேரேட்டைத் திறந்தபோது பெயர்கள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றின. நான் அவற்றைப் பாமினி எழுத்துருவிலே பதித்திருந்தேன். அவ்வெழுத்துருவிலே திரையில் ‘அ’ என்று தெரிவது, உள்ளே ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எம்’ ஆகும். எழுத்துரு இல்லாத கணினியிலே வேடம் கலைந்துவிடும். இதனை அறியாத அங்கிருந்தோர், பட்டியல் பழுதாயிற்றென்று எண்ணி அதனை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டெழுதினர். சில பெயர்கள் விடுபட்டன. பழைய பட்டியலுக்கு மறுபடி எடுத்து வைக்கும் ஏற்பாட்டையும் நான் செய்திருக்கவில்லை.

விடுபட்டோரில் ஒருவரான முதியவர் என்னைத் தேடி வந்தார். “தம்பி, தொண்ணூறிலை இடம்பெயர்ந்தபோது காணி உறுதியும் போச்சு, பிறப்புப் பத்திரமும் போச்சு. இப்ப உங்கட கணினியிலையும் நான் இல்லையோ?” என்று கேட்டார். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் நிலையான எண் தரும் ஒருங்குறி முறையிலே 1991ஆம் ஆண்டு தொடக்கம் தமிழும் இடம்பெற்றுள்ளது. ‘அ’ என்னும் எழுத்துக்கு எந்த நாட்டிலும் 2949 என்பதே எண். 2002இல் வெளிவந்த டொட்நெற் சட்டகம் முதல் நாளிலிருந்தே ஒருங்குறியை அறிந்திருந்தது. அறியாதவன் நானே. சட்டகம் நமக்காக வேலை செய்யும். நமக்காக அறிந்துகொள்ள மாட்டாது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே.

சட்டகம் என்றால் யாதென்று பெரியோர் கேட்பீர்கள். வீடு கட்டும்போது வளையும் கைமரமும் சிலாகையும் ஏற்றிக் கூரையைக் கோப்பது தச்சன் வேலை. கிடுகு வேய்வதும் சுவர் வைப்பதும் அடுப்பங்கரை எங்கேயென்று தீர்மானிப்பதும் வீட்டுக்காரர் வேலை. கணினிச் சட்டகமும் அத்தகையதே. எல்லாச் செயலிக்கும் பொதுவான எலும்புக்கூட்டை முன்னரே கோத்து வைத்திருப்பார்கள். நம் தேவைக்குரிய பகுதியை மாத்திரம் நாம் எழுதிச் சேர்க்கிறோம். தச்சன் பெட்டியிலுள்ள உளியை நாம் வேண்டும்போது எடுக்கிறோம். சட்டகமோ, நாம் எழுதியதை வேண்டிய நேரத்திலே தானே அழைக்கிறது. ஆதலின், அது எப்போது, எதனை அழைக்கிறது என்பதை அறியாதவன் இருட்டிலே கூரை வேய்பவனாவான்.

மேசைக்கணினிச் செயலிக்கும் இணையச் செயலிக்கும் வேறுபாடுண்டு. முன்னையது ஒரு மேசையில், ஒருவர் முன்னிலையில் இயங்குவது. திறந்து மூடும்வரை நடந்ததை நினைவில் வைத்திருக்கும். பின்னையதோ வழங்கி என்னும் தூரத்துக் கணினியில் இயங்குவது; அங்கே ஒவ்வொரு வேண்டுகோளும் புதிதாய் வந்த அந்நியனைப் போன்றது. முன்பு வந்தவர் இவரே என்பதை நாமே அடையாளமிட்டுக் காட்ட வேண்டும். இருவர் ஒரே பதிவை ஒரே கணத்தில் மாற்றினால் எது நிலைக்கும் என்பதையும் முன்னரே எண்ண வேண்டும். வருவோர் யாவரும் நல்லெண்ணத்தோடு வருவரென்றும் நம்புதற்கில்லை. மேசையிலே பழகியவன் இணையத்திற்குச் சென்றதும் தடுமாறுவது இதனாலேதான்.

இவையெல்லாம் பெருநகரத்தார்க்கு உரியவை, மன்னாருக்கு எட்டுமோ என்று எண்ணாதீர்கள். இன்று உலகெங்கும் வழங்கும் ஜாங்கோ என்னும் இணையச் சட்டகம் பிறந்தது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலே, லோரன்ஸ் என்னும் ஊர்ப் பத்திரிகையின் காரியாலயத்தில். அங்கே பணியாற்றிய ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும், செய்தித் தளங்களை விரைந்து செய்ய வேண்டியிருந்தமையால், திரும்பத் திரும்ப வந்த வேலைகளைத் திரட்டி 2003இல் அதனைத் தொடங்கினர். 2005இல் அது யாவர்க்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஊர்த்தேவையே அதற்குத் தாய்.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரைகளை அழித்தபோது, இலங்கை மென்பொருளாளர் பலர் தொண்டர்களாய்த் திரண்டு, காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணத் தேவைகள் ஆகியவற்றைப் பதிவு செய்ய ‘சகனா’ என்னும் இணையச் செயலியை விரைந்து செய்தனர். சிங்களத்திலே அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் அது பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநன்மை விருதும் அதற்குக் கிடைத்தது. பின்னர் அதன் புதிய வடிவம் வெப்டூபை என்னும் சட்டகத்தின் மேல் எழுந்து, 2010இல் எயிற்றி நாட்டு நிலநடுக்கத்திற்கும் உதவிற்று. அவ்வெப்டூபையோ, சிக்காகோவில் மசிமோ டி பியரோ என்னும் பேராசிரியர் மாணவர்க்குக் கற்பிக்கவென்று செய்தது! பெயர் பதியும் செயலி அற்பமானதன்று என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்லக் கூடும்?

வாலிபர்களே, சட்டகங்கள் நிலையானவையல்ல. 2007இல் பெரும் ஆரவாரத்தோடு வந்த சில்வர்லைற்றுக்கு 2021இல் ஆதரவு நின்றது. பிளாஷ் 2020இன் முடிவோடு மறைந்தது. அவற்றை மாத்திரம் கற்றவர் கைவெறுமையாய் நின்றனர். அடிப்படையையும் கற்றவர் வேறொன்றுக்கு மாறினர். ஆதலின் முதலிலே ஒரு நிரலாக்க மொழியைத் திருந்தக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்துத் தரவுத்தளம் எவ்வாறு இயங்குகிறதென்று அறியுங்கள். அதன்பின் ஒரே ஒரு சட்டகத்தை எடுத்து, அதன் கையேட்டை முதலிலிருந்து வாசியுங்கள். மாதத்திற்கொன்றாய்த் தாவாதீர்கள். பார்த்தெழுதிய ஒவ்வொரு வரியையும் ஒருமுறை அழித்து, நினைவிலிருந்து மீண்டும் எழுதுங்கள். ஏன் இவ்வரி என்று கேட்டால் விடை சொல்ல முடியாத வரியைப் பிறருக்குக் கொடுக்கும் செயலியிலே விடாதீர்கள்.

இதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. பைதன், ஜாங்கோ, டொட்நெற் யாவும் இன்று இலவசம். கையேடுகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாத வேளையிலும் படிக்கலாம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களிலே கொப்பியிற் பென்சிலால் நிரல் எழுதிப் பார்த்தவர்களை நான் அறிவேன். விளக்கு வந்ததும் அவர்கள் செய்த பிழை குறைவாகவே இருந்தது.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். கணினி முன் இருக்கும் பிள்ளை எல்லாம் விளையாடுகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். படிக்கிறான் என்றும் கேளாமல் நம்பிவிடாதீர்கள். அருகில் இருந்து, “என்ன செய்கிறாய், யாருக்காகச் செய்கிறாய்?” என்று கேளுங்கள். பின்னைய கேள்விக்கு விடை இல்லாவிடின், உங்கள் கடைக் கணக்கையோ தோட்டக் கணக்கையோ கொடுத்து, “இதற்கொரு செயலி செய்” என்று சொல்லுங்கள். உண்மையான ஒருவருக்காகச் செய்யும் சிறு வேலை, யாருக்குமில்லாத பத்துப் பெரிய வேலைகளிலும் மிகுதியாகக் கற்பிக்கும்.

சங்கத்திற்கும் ஒரு யோசனை. நம் நூல்நிலையத்தின் இரவற் கொப்பி கிழிந்து கிடக்கிறது. இவ்வாண்டிலே வாலிபர் நால்வர் சேர்ந்து அதனை முதலில் மேசைக்கணினியிலும், அடுத்து இணையத்திலும் செய்துகாட்டட்டும். பெயர்கள் ஒருங்குறித் தமிழிலே இருக்கட்டும். நாள்தோறும் மறுபடி எடுக்கப்படட்டும். ஓராண்டு பிழையின்றி நடந்த பின்னரே கொப்பியைக் கைவிடுவோம்.

அந்த முதியவரின் பெயரை நான் மறுநாளே சேர்த்தேன். பின்பு மூன்று மாதம் உழைத்து அச்செயலி முழுவதையும் அடியிலிருந்து மீண்டும் எழுதினேன். நான் தொழில் கற்றது அந்த மூன்று மாதத்திலேதான். உங்களுக்கு அப்பாடம் ஒருவரின் பெயரை இழக்காமலே வாய்க்கட்டும்.