வெளியே சொல்லாத ஒரு பிறவிக் குறை
(ஆண்டர்சன்பேட்டை அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை, பி.எஸ்ஸி. முடித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். ஆயினும் ஜாதகப் பரிவர்த்தனையில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பெண்ணுக்கு உடல் வளர்ச்சி சரியாக இருக்கிறது. 15 வயது முடிந்தும் ருதுவாகவில்லை. "நம்மாத்துல எல்லாருக்கும் லேட்தான்" என்று பாட்டி சொல்லிவிடுவாள். சில வீடுகளில் அது நிஜமும்கூட. ஆனால் சுமார் 5,000 பெண்களில் ஒருத்திக்கு, கர்ப்பப்பையும் யோனிக்குழாயின் மேற்பகுதியும் பிறவியிலேயே உருவாவதில்லை. மேயர், ரோகிடான்ஸ்கி, கூஸ்டர், ஹவுசர் என்ற நால்வர் பெயரால் இதை எம்.ஆர்.கே.எச். என்கிறார்கள். சினைப்பைகள் நன்றாகவே வேலை செய்யும். அவள் முழுமையான பெண்தான். தாயார் மசக்கையில் எதைச் சாப்பிட்டாள் என்று துருவுவது வீண். சிலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலோ, இடம் மாறியோ இருக்கும். ஸ்கேனில் அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மாதாமாதம் வயிற்றுவலி மட்டும் வந்து உதிரம் வராவிட்டால் கதை வேறு. அங்கே கர்ப்பப்பை இருக்கிறது, வழி அடைபட்டிருக்கலாம். கன்னிச்சவ்வு மூடியிருந்தால் சிறு ஆபரேஷன் போதும். இதற்கு நாள் கடத்தக் கூடாது. இங்கிருந்து வேலூரும் பெங்களூரும் தூரமில்லை.

எம்.ஆர்.கே.எச்.சுக்கு அந்த அவசரம் இல்லை. முதலில் கத்தியே வேண்டாம். டைலேட்டர் என்ற வழுவழுப்பான கருவியால் அவளே தினமும் அழுத்தி, சில மாதங்களில் வழியை நீட்டிக்கொள்ளலாம், பெரும்பாலோருக்குப் பலிக்கிறது. பலிக்காதபோதுதான் சர்ஜன். மெக்கிண்டோ முறையில், சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே இடம் உண்டாக்கி, தொடைத் தோலை ஓர் அச்சின்மேல் போர்த்தி வைப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் அச்சு அணியாவிட்டால் சுருங்கிவிடும். இத்தாலியரான வெக்கியெட்டியின் முறையில் ஒரு மணியை வயிற்றுப் பக்கமிருந்து நூலால் தினம் கொஞ்சமாக இழுப்பார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வழி நீளும். எதுவானாலும் விடாமல் பராமரிக்க வேண்டியவள் அவள். ஆகையால் அவளுக்கு விவரம் தெரிந்து, அவளே கேட்கும்போதுதான் செய்ய வேண்டும். முகூர்த்தம் குறித்துவிட்டு டாக்டரை விரட்டுவது அழகல்ல.

குழந்தை? 2017 மே மாதம் புனே கேலக்ஸி கேர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சைலேஷ் புண்டாம்பேகர் குழுவினர், பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாத 21 வயது சோலாப்பூர் பெண்ணுக்கு அவள் தாயாரின் கர்ப்பப்பையையே பொருத்தினார்கள். இந்தியாவில் அதுவே முதல். ஸ்வீடனில் 2014-லேயே இவ்வழியில் குழந்தை பிறந்தது. ஆனால் பொருத்திய உறுப்பை உடல் தள்ளாமலிருக்க வீரியமான மருந்துகள் வேண்டும்; செலவும் அதிகம். சொந்தக் கருமுட்டை இருப்பதால் வாடகைத் தாய் வழியும் உண்டு; 2021 சட்டம் பணத்துக்காகச் செய்வதைத்தான் தடுக்கிறது.

பிள்ளை வீட்டாரிடம் மறைத்துக் கல்யாணம் செய்வது இருவருக்கும் துரோகம். ஊரெல்லாம் சொல்வதும் தேவையில்லை. யாரிடம், எப்போது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். டாக்டர் அவளுடன் தனியாகப் பேச விடுங்கள். மாமாக்கள் நாமெல்லாம் வெளியே பெஞ்சில் உட்காரலாம்.