நம் வீட்டு மேசையும் ரப்பர் மரமும்

வீட்டை இயற்கைப் பொருள்களால் அழகுபடுத்தும் விருப்பம் இன்று பெருகி வருகிறது. வெளிர்நிற மர மேசை, நாற்காலிகளை நாம் விரும்பி வாங்குகிறோம். அவற்றுள் பல ரப்பர் மரத்தால் ஆனவை.

நட்டு 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்துபோன மரங்களை முன்பு விறகாக எரித்தார்கள். மாச்சத்து மிகுந்த மரமாதலால், பூஞ்சணமும் வண்டும் அதை விரைவில் கெடுத்துவிடும். போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவியபின், 1980களில் அது மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மரமாயிற்று.

விடியுமுன் எழுந்து அம்மரங்களைச் சீவியவர்கள் நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் அல்லவா? ஆகவே, அந்த மேசையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி மறைக்க வேண்டாம். ஈரம் பட்டால் உடனே துடைப்போம். பிள்ளைகளை அதைச் சுற்றி அமர்த்தி, அந்த உழைப்பின் கதையைச் சொல்வோம். கடையில் வாங்கிய மேசை அப்போதுதான் நம் குடும்பத்து மேசையாகும்.