எட்டு மணிக்கு எங்கள் வீட்டில்

(சங்கத்தின் ‘நம் வீடுகள்’ மாலை நிகழ்ச்சியில், 2025 நவம்பரில், பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியது.)

பெரியவர்கள் பலர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் இருபது நிமிடத்துக்கு மேல் போக மாட்டேன்.

கமிட்டியில் என்னைக் கேட்டபோது, “கிறிஸ்துமஸ் வருதே, அதைப் பத்திப் பேசுங்களேன்” என்றார்கள். கிறிஸ்துமஸ் உங்களுக்குத் தெரிந்ததுதானே? கேக் உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறது, நட்சத்திரம் பால்கனியில் தொங்குகிறது. நான் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கினேன். ஏழு வயதில் மகளும் நாலு வயதில் மகனும் இருக்கிற வீட்டில், பக்தி என்பது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை வேலைதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லிஃப்டில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. தென்னிந்தியத் திருச்சபை என்பார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று, இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் வெவ்வேறு சபைகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது. வேளாங்கண்ணிக்கு நடந்து போவீர்களா என்று கேட்பவர்களுக்கு: அது பெரும்பாலும் ஆர்.சி. குடும்பங்களின் வழக்கம். அவர்கள் ‘செபம்’ என்பார்கள், நாங்கள் ‘ஜெபம்’ என்போம். இன்னொன்று, எங்கள் ஊரில் சர்ச்சைக் ‘கோயில்’ என்றே சொல்வோம். என் மகள் கீழே விளையாடும்போது “நாளைக்குக் கோயிலுக்குப் போறோம்” என்று சொல்ல, “எந்தக் கோயில், சிவன் கோயிலா, பெருமாள் கோயிலா?” என்று மற்ற பிள்ளைகள் கேட்க, அன்று ஊஞ்சல் பக்கம் பெரிய விவாதமே நடந்திருக்கிறது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, வேதத்திலிருந்து சில வசனங்கள், ஆளுக்கு ஒரு சின்ன ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பதினைந்து நிமிடம். கேட்க அமைதியாக இருக்கும். நேரில் பார்த்தால் சின்னவன் சோபாவுக்கு அடியில் இருப்பான், பெரியவள் ஹோம்வொர்க் ஞாபகம் வந்து எழுந்து ஓடுவாள், அடுப்பில் பால் பொங்கும். கீழ் வீட்டுக்காரர்களுக்கு நாற்காலி இழுக்கிற சத்தத்தை வைத்தே நாங்கள் பாட்டில் இருக்கிறோமா ஜெபத்தில் இருக்கிறோமா என்று தெரியும். அலுவலகத்தில் ஷிப்ட் இருக்கிற நாளில் என் கணவர் போனில் சேர்ந்துகொள்வார்.

பிள்ளைகளை ஜெபிக்கச் சொன்னால் என்ன சொல்வார்கள் தெரியுமா? உங்களைப் பற்றித்தான். செக்யூரிட்டி தாத்தாவின் கால் வலி, எதிர் வீட்டு மாமியின் கண் ஆபரேஷன், இரண்டாம் மாடிப் பூனைக்குட்டி, போன மாதம் முழுக்க நம் பிளாக் லிஃப்ட். லிஃப்ட் சரியானதற்குப் பராமரிப்பு கமிட்டிதான் காரணம் என்று செயலாளர் இங்கே சொல்லலாம். என் மகன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

இதில் நான் நினைத்துப் பார்க்காத ஒரு நன்மை தமிழ். பெரியவளுக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி இந்தி. வீட்டில் பேசுவாளே தவிர, தமிழ் வாசிக்க எட்டு மணிதான் அவளுக்கு வகுப்பறை. ஆனால் என்ன தமிழ்! நாங்கள் வாசிக்கிற மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிக்கப்பட்டது. கிருபை, சிருஷ்டி, பிதா, குமாரன், சம்பவித்தது என்று வரும். “குமாரன்னா குமார் அங்கிளா?” என்று சின்னவன் கேட்டான். 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு எளிமையாக இருக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஊரில் இருக்கிற என் மாமியாருக்குப் பழையதுதான் வேதம். வீடியோ காலில் பேத்தி ஒரு வசனத்தைப் பழைய தமிழில் தடுமாறாமல் சொன்னால், “ஏளா, இன்னொருக்க சொல்லு” என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வாசிக்க வைக்கலாமே என்று எங்கள் சபையிலேயே சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் இஷ்டம் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும், பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

இதெல்லாம் வீட்டுக் கதவுக்கு உள்ளே. எனக்கு உண்மையான யோசனை வருவது கதவுக்கு வெளியே. அதைத்தான் இன்று உங்களிடம் பேச வேண்டும் என்று வந்தேன்.

இந்த வருஷம் நவராத்திரியின்போது, என் மகள் எதிர் வீட்டுப் பேத்தியிடம், “உங்க சாமி சாமியே இல்ல” என்று சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தை அழுதுகொண்டு உள்ளே போனது. மாமி என்னிடம் வந்து புகார் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலப் பேசினார். என் மகளே இரவு ஜெபத்தில் இதைச் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. “இது யார் சொல்லிக் கொடுத்தா?” என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ஒரு கூட்டத்தில் பிள்ளைகளிடம் அப்படிப் பேசியிருக்கிறார். மறுநாளே அவரிடம் போய், என் பிள்ளைகளிடம் இப்படிப் பேசக்கூடாது என்று சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். இப்போது முன்போல என்னிடம் பேசுவதில்லை.

மகளிடம் என்ன சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. “எல்லா சாமியும் ஒண்ணுதான்டி” என்று சொல்லி முடித்திருக்கலாம். நம் குடியிருப்பில் பலர் அன்போடு சொல்கிற வார்த்தை அது. ஆனால் நான் அப்படி நம்பவில்லை. நம்பாததைப் பிள்ளையிடம் சொன்னால், தினமும் எட்டு மணிக்கு நான் சொல்வது எதை அவள் நம்புவாள்? நான் இயேசு கிறிஸ்துவை ஆண்டவர் என்று நம்புகிறேன், என் பிள்ளைகளும் அப்படி வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உங்களில் பலர் வேறு விதமாக நம்புகிறீர்கள், உங்கள் பிள்ளைகள் அப்படி வளர வேண்டும் என்று நீங்களும் ஆசைப்படுகிறீர்கள். இதை மூடி மறைக்காமல்தான் ஒரே லிஃப்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

அவளுக்குச் சொன்னது இதுதான்: “நம்ம வீட்டுல என்ன நம்புறோம்னு யார் கேட்டாலும் சொல்லு. அவங்க வீட்டுல என்னன்னு நீ சொல்லாத, அவங்ககிட்ட கேளு.” மறுநாள் மாலை அவளே எதிர் வீட்டுக்குப் போனாள், நான் வாசல்வரை போனேன். மன்னிப்புக் கேட்டாள். பிறகு, “இந்த பொம்மை எல்லாம் ஏன் படி படியா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். மாமி ஒன்றரை மணி நேரம் விளக்கினார். மரப்பாச்சி பொம்மையிலிருந்து செட்டியார் பொம்மைவரை எல்லாம் தெரிந்துகொண்டு வந்தாள்.

சுண்டல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதில் சந்தேகம் இருக்கிறது. படைத்த உணவைச் சாப்பிடலாமா என்பதில் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலர் சாப்பிடுவார்கள், சிலர் மாட்டார்கள். இது இன்று வந்த பிரச்சினையும் அல்ல. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இதைப் பற்றிப் பேசுகிறார். விருந்துக்குக் கூப்பிட்டால் முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் இரு, இதுதான் அங்கே அவர் சொல்வதன் சாரம். எங்கள் வீட்டில் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. மாமிக்கோ, நைவேத்தியத்துக்கு முன்னால் அந்தப் பாத்திரத்திலிருந்து ஒரு பருக்கை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் வழக்கம் வழக்கம்தான். அவர் என்ன செய்தார்? சின்ன குக்கரில் தனியாக ஒரு ஆழாக்குக் கொண்டைக்கடலை. தேங்காய், மாங்காய் எல்லாம் போட்டு, பூஜை அறைப் பக்கம் போகாமல், நேராக எங்கள் வீட்டுக்கு. நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். நானும் டிசம்பரில் அவர்களுக்குக் கல்கல் சுடும்போது புது எண்ணெய், தனி வாணலி, மாவில் முட்டை கிடையாது. போன மாதம் இங்கே ரம்ஜான் நோன்பைப் பற்றிப் பேசிய ஏ பிளாக் அக்கா, கேக்கில் ஒயின், பிராந்தி இருக்கிறதா என்று என்னிடம் நேராகவே கேட்டுவிடுவார். எனக்கு அப்படிக் கேட்பதுதான் பிடிக்கும்.

இங்கேதான் என் முதல் வேண்டுகோள். கேட்பதை என்னிடம் கேளுங்கள், பிள்ளைகளிடம் வேண்டாம். “ஏன் நீ பொட்டு வெச்சுக்கல?”, “பிரசாதம் குடுத்தா வாங்க மாட்டியா?”, “உங்கம்மா திட்டுவாங்களா?” இதையெல்லாம் கேட்பவர்கள் சும்மா பேச்சுக்குத்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை, நாலு பெரியவர்கள் நடுவில் நின்று பதில் தேடும்போது, அம்மாவைக் காப்பாற்றுவதா ஆன்ட்டியைச் சந்தோஷப்படுத்துவதா என்று முழிக்கிறாள். கோலி சோடா வேண்டுமா என்று அவளிடம் கேளுங்கள். மற்றதுக்கு இன்டர்காம் இருக்கிறது, எங்கள் வீட்டு எண்ணை அழுத்துங்கள், காபியும் போட்டுத் தருகிறேன்.

எங்கள் பிள்ளைகளிடமும் அதே. என் மகளோ மகனோ உங்கள் பிள்ளையிடம் சாமி விஷயத்தில் மனம் நோகும்படி ஏதாவது சொன்னால், மாமி மாதிரிப் பெருந்தன்மையாக விட்டுவிடாதீர்கள். என்னிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தேதிகள். இதைச் சொன்னால் ‘எங்களுக்காக எல்லாத்தையும் மாத்தணுமா’ என்று யாரும் நினைக்கக் கூடாது. ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு நாங்கள் கிளம்பினால் பதினொன்றரைக்குத்தான் திரும்புவோம். ஆராதனை, பிறகு பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி. நம் ஓவியப் போட்டியும் செஸ் போட்டியும் எப்போதும் ஞாயிறு ஒன்பது மணி. பெரியவளுக்கு செஸ் என்றால் உயிர். நான்கு முறை “நீ ஏன் வரல?” என்று நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். ஞாயிறு பள்ளியையும் செஸ்ஸையும் தராசில் வைத்து நிறுக்கச் சொல்கிற வயது இல்லை அது. வருஷத்தில் ஒன்றிரண்டு போட்டிகளை மாலை நாலு மணிக்கு வைத்தால் போதும். காலையில் நீச்சல் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அது உதவும் என்று அவர்கள் அம்மாக்கள் சொன்னார்கள்.

இன்னொன்று, ஈஸ்டர் ஒவ்வொரு வருஷமும் நகரும். மார்ச் 21க்கோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. 2024இல் மார்ச் 31, இந்த வருஷம் ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 5. அதற்கு முந்தைய வெள்ளி, ஏப்ரல் 3, பெரிய வெள்ளி. எங்களுக்கு அது துக்க நாள். விடுமுறை என்பதால் அன்று பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா வைக்கத் தோன்றும், தயவுசெய்து அன்று வேண்டாம். யாராவது “ஹேப்பி குட் ஃபிரைடே” என்று வாட்ஸ்அப்பில் போட்டால் நான் கோபித்துக்கொள்வதில்லை, சின்னதாகச் சிரித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். லெந்து நாட்கள் பிப்ரவரி 18, சாம்பல் புதன் அன்று தொடங்குகிறது. நாங்கள் பெரியவர்கள் அசைவம் விடுவோம். பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லை. அவர்களாக ஒன்றை விடுவார்கள். போன வருஷம் பெரியவள் சாக்லேட், சின்னவன் ‘கத்திரிக்காயை விடுறேன்’ என்றான். அந்த நாட்களில் உங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு வந்து அவள் சாக்லேட் வேண்டாம் என்றால், உடம்பு சரியில்லையா என்று பயப்பட வேண்டாம். மிச்சமாகிற காசு ஒரு டப்பாவில் விழும், கடைசியில் சபைக் காணிக்கைக்குப் போகும்.

கேரல் ரவுண்ட்ஸ் பற்றியும் இரண்டு வார்த்தை. எங்கள் சபை இளைஞர்கள் டிசம்பரில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். ஒரு தெருவில் டீ, அடுத்த தெருவில் பஜ்ஜி என்று ஆகி, நம் கேட்டுக்கு வரும்போது பதினொன்று ஆகிவிடுகிறது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அது யார் பண்டிகைக்கும் பொது. நம் குடியிருப்பில் கைக்குழந்தைகள் நான்கு பேர் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை எங்களை முதல் வீடாகப் போடச் சொல்லிவிட்டேன். டிசம்பர் 20, சனிக்கிழமை, மாலை ஏழரைக்கு, கிட்டார் மட்டும், டிரம்ஸ் கிடையாது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவர் வருவார். தாடியைப் பார்த்துச் சில குழந்தைகள் வீறிட்டு அழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் ஊரிலிருந்து மாமியார் கொண்டு வருகிறார். கேக் முட்டை இல்லாமல் வேண்டும் என்பவர்கள் டிசம்பர் 15க்குள் வீட்டு எண்ணைச் சொல்லிவிடுங்கள், இதுவரை பதினாறு வீடுகள் சொல்லியிருக்கிறீர்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம். எட்டு மணிக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கள், இரண்டு பேர் மேலே காத்திருப்பார்கள்.